ஏரிக்கரை வீட்டுக்கு மறுவாழ்வு: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவில் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1991-இல் நீக்கப்படும்வரை, வெள்ளையருக்கென்று ஒதுக்கிய நீர்க்கரைகளில் இந்திய வம்சாவளியினரான நம்மவர் பெயரில் ஒரு வீடு வாங்க வழியில்லை. இன்று அந்தக் கரைகளில் 1950, 60களில் கட்டடக் கலைஞர்கள் வரைந்து கட்டிய சிறு விடுமுறை வீடுகள் விலைக்கு வருகின்றன. பலவும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தவை. அவற்றை வாங்கியவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ஹார்ட்பீஸ்பூர்ட் அணைக்கரையில் 1950களில் கட்டிய சிறு வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்தது என்று பழைய கடிதம் ஒன்று சொல்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. வெளிப்பூச்சு இல்லாத செங்கல் சுவர், சரிவு குறைந்த தகரக் கூரை, ஏரியைப் பார்த்த பெரிய இரும்பு ஜன்னல்கள். "உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கினால்தான் நிலவரம் தெரியும்" என்கிறார் மேஸ்திரி. எங்கே தொடங்குவது?
– வாசகி, லாடியம்

எதையும் பிடுங்க வேண்டாம். முதலில் கூரை வழியாக இறங்கும் தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்து வீட்டின் பிளானைத் தேடுங்கள். இந்த இரண்டும் முடியும்வரை மேஸ்திரியின் கையில் சம்மட்டி வேண்டாம்.

இந்த வகை வீட்டில் அனாவசியம்போலத் தோன்றும் பல உறுப்புகளுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டின் வடக்குப் பக்க இறவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் அட்சரேகையில் நமக்குக் கோடையான டிசம்பர் மாத நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில், 88 பாகையில் நிற்கும். குளிர்கால ஜூனில் வடக்கே 41 பாகைதான். இறவாரம் 900 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் கோடை வெயில் கண்ணாடியில் விழாது, குளிர்கால வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். மழைச்சாரலும் ஜன்னல் சட்டத்தை எட்டாது. கைமர நுனி உளுத்துப்போயிற்று என்று அந்த நீட்சியை அறுத்து எறிந்த வீடுகளில் அறை கொதிக்கிறது. இரும்பு ஜன்னல் சில வருடங்களில் துருவேறுகிறது. உளுத்த நுனியை வெட்டி, பழைய மரத்தின் பக்கவாட்டில் அதே உயரமுள்ள புது மரத்தைச் சேர்த்துப் போல்ட் போட்டால் போதும். சுவருக்கு வெளியே எவ்வளவு நீள்கிறதோ அதைப்போல இரண்டு மடங்காவது உள்ளே பழைய கைமரத்தோடு சேர்ந்து ஓடவேண்டும். மேல் சீலிங்கை ஒட்டிய நீளத் துவாரங்கள், தாழ்ந்த ஜன்னல் திண்டு, தரையில் ஒரு படி இறக்கம் இவையும் அப்படித்தான். காரணம் தெரிந்த பிறகு கைவையுங்கள்.

பிளான் கிடைக்கும் முதல் இடம் முனிசிபாலிட்டியின் கட்டட அனுமதிப் பிரிவு. ஹார்ட்பீஸ்பூர்ட் இன்று வடமேற்கு மாகாணத்தில், மாடிபெங் உள்ளாட்சியின் கீழ் வருகிறது. மனை எண்ணைச் சொல்லி, அங்கீகரித்த பழைய பிளானின் நகல் கேளுங்கள். அடுத்தது பல்கலைக்கழகங்கள். பிரிட்டோரியாவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் நார்மன் ஈட்டனின் (1902–1966) வரைபடங்கள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. டர்பனில் பழைய ஸ்மித் தெருவில், பச்சைப் பளபளப்போடு வெயில் மறைப்புத் திரை போட்ட நெதர்லாண்ட்ஸ் வங்கிக் கட்டடம் அவர் வரைந்ததுதான். டர்பன் வாசகர்கள் பலர் அதைக் கடந்து போயிருப்பீர்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பாரி பியர்மன் கட்டடக்கலை நூலகம் இருக்கிறது. "ஆர்ட்டிஃபாக்ட்ஸ்" என்ற இணையத் தொகுப்பில் கட்டடக் கலைஞரின் பெயரைத் தேடினால் அவர் செய்த மற்ற வேலைகளும் தெரியவரும். பிளான் கிடைக்கவே இல்லையென்றால், தொடுவதற்கு முன் நீங்களே அளந்து வரையுங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் தரையையும் சீலிங்கையும் படம் எடுங்கள். பிறகு கழற்றும் கீல், கொக்கி, கைப்பிடி ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பையில் போடுங்கள். குப்பை வண்டியில் போய்விட்ட பித்தளைக் கொக்கிக்கு இணை இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனிக் கூரை. நல்ல வெயில் நேரத்தில் சீலிங்குக்கு மேலே ஏறி விளக்கை அணைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. அதைவிட முக்கியம், கைமரம் சுவர்மேல் உட்காரும் இடம். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனை 5 மில்லிமீட்டருக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த மரம் போயிற்று. தகரம் நன்றாக இருந்து ஆணித்துளையில் மட்டும் ஒழுகினால், பழைய ஆணிகளை எடுத்துவிட்டு அவற்றைவிடத் தடித்த கூரைத் திருகாணியை ரப்பர் வாஷரோடு போடுங்கள். நெளி தகரத்தில் திருகாணி மேட்டில்தான் இறங்கவேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. வாஷர் லேசாக அமுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். பிதுங்கும்வரை முறுக்கினால் ரப்பர் வெடித்து இரண்டே கோடையில் ஒழுகும். தகரத்தை மாற்றுவதாக இருந்தால், கடலோரமல்லாத உள்நாட்டுப் பகுதிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சுள்ள தகரம் கேளுங்கள். அதற்குக் குறைந்த பூச்சு வேண்டாம். சரிவு குறைந்த கூரையில் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் 250 மில்லிமீட்டராவது ஏறி உட்காரவேண்டும். 150 மட்டும் விட்டால் காற்றோடு வரும் மழை மேல்நோக்கி ஏறிவிடும்.

அக்காலத்துக் கட்டடக் கலைஞர்களுக்கு மறைவான மழைநீர் வாய்க்கால் மிகவும் பிடிக்கும். இறவார ஓரத்திலோ இரண்டு கூரைகளுக்கு நடுவிலோ பெட்டிபோல ஒளிந்திருக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் நாசம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல் உள்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். புதிதாக அடித்தகடு போடும்போது, வாய்க்காலின் வெளிமுனையில் உள்விளிம்பைவிட 25 மில்லிமீட்டராவது தாழ்வாக ஒரு அவசரப் போக்குவாய் வைத்துவிடுங்கள். எப்போதாவது அடைத்தால் தண்ணீர் வெளியே கொட்டும். நீங்களும் கண்ணால் பார்த்துவிடுவீர்கள். இந்த ஒரு துளைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பருவத்தைக் கவனியுங்கள். ஹைவெல்ட் என்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இடிமழையும் ஆலங்கட்டியும். கூரை வேலையை மே முதல் ஆகஸ்டுக்குள் முடியுங்கள். வாங்கியது நவம்பர் என்றால் நல்ல தார்ப்பாயை முகட்டின் மறுபக்கம்வரை போர்த்தி, நுனிகளை மரச்சட்டத்தில் சுற்றிக் கட்டுங்கள். கேப் டவுன் வாசகர்களுக்குக் கணக்கு தலைகீழ்: அங்கே மழை குளிர்காலத்தில்.

வீட்டுக்கு அறுபது வயது தாண்டிவிட்டால் பெயின்ட் அடிக்கக்கூட பெர்மிட் வேண்டும் என்கிறார் என் மைத்துனர். உண்மையா?
– வாசகர், டொங்காட்

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அதன் எந்தப் பகுதியையும் மாகாண மரபு அதிகாரத்தின் பெர்மிட் இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. அச்சட்டத்தில் "மாற்றுதல்" என்பதற்குள் பூச்சும் பெயின்ட்டும் அடங்கும். வீடு பட்டியலிட்ட நினைவுச் சின்னமாக இருக்கவேண்டியதில்லை. வயது ஒன்றே போதும். உங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் விண்ணப்பம் அமாஃபா என்ற மரபு அமைப்புக்குப் போகும். பழைய வெள்ளைச் சுவருக்கு அதே வெள்ளை அடிப்பதும், ஒழுகும் இடத்தை அடைப்பதும் பராமரிப்பு. வெறும் செங்கல் சுவருக்குப் பூச்சு பூசுவது, ஜன்னலை வேறு வகைக்கு மாற்றுவது ஆகியவை மாற்றம். எல்லைக்கோட்டில் இருக்கும் வேலைக்கு ஒரு கடிதம் எழுதி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1960களின் நடுவில் கட்டிய வீடுகள் வருடாவருடம் இந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அதிகாரத்திடம் போகும்போது பழைய பிளானும் இன்றைய படங்களும் கையில் இருந்தால் வேலை சுலபம்.

ஹோவிக் பக்கம் சரிவான மனையில் எங்கள் வீடு. கீழே நீர்த்தேக்கம், பின்னால் மேடு. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் காத்து, பெயின்ட் சுருண்டு விழுகிறது. ஏரித் தண்ணீர்தான் ஏறுகிறது, சுவரில் துளைபோட்டு ரசாயனம் செலுத்திவிட்டு சிமென்ட் பூசவேண்டும் என்று ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். செய்யலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

செய்யாதீர்கள். ஓதம் பின்சுவரில் இருக்கிறது, ஏரி முன்னால் இருக்கிறது. தரைமட்டம் நீர்மட்டத்தைவிட ஒரு ஆள் உயரம் மேலே இருந்தால் ஏரிக்கும் அந்தச் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி வந்து சுவரில் முட்டி நிற்கிறது.

வெளியே போய் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுவரோரத்தைத் தோண்டிப் பாருங்கள். ஆளில்லாத வருடங்களில் மேட்டு மண் சரிந்தும் இலை மக்கியும் தரை உயர்ந்திருக்கும். சுவருக்குள் கருப்பாகத் தெரியும் ஓதத் தடுப்புப் படலம், நம்மூர்க் கொத்தனார்கள் மால்தாய்ட் என்பது, மண்ணுக்கு அடியில் புதைந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. படலம் கெடவில்லை. மண் அதைத் தாண்டி மேலே போய்விட்டது, அவ்வளவே. வெளிமண்ணை உள்தரை மட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள்.

அடுத்து வடிகால். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாக 300 மில்லிமீட்டர் அகலம், 600 ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அதன் அடி எந்த இடத்திலும் அஸ்திவாரத்தின் அடியைவிடக் கீழே போகக்கூடாது. போனால் அஸ்திவாரத்தைத் தாங்கும் மண் நகரும். ஆகவே முதலில் ஒரு இடத்தில் தோண்டி அஸ்திவார ஆழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் முதலில் வடிகட்டித் துணியை விரியுங்கள். கடையில் பிடிம் என்று கேட்டால் தருவார்கள். அதன்மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்கு ஜல்லி, பிறகு துளையுள்ள 110 மில்லிமீட்டர் குழாய், மேலே 19 மில்லிமீட்டர் அளவுள்ள ஜல்லி. கடைசியில் துணியை மேலே மடித்து மூடி மண் போடுங்கள். சரிவு 100-க்கு 1: பத்து மீட்டருக்கு 100 மில்லிமீட்டர் இறக்கம். ரசமட்டத்தை நம்பாமல் நீர்க்குழாய் மட்டம் பிடித்துப் பாருங்கள். துணியை மிச்சம் பிடித்தவர்களின் வடிகால் சில மழைக்காலத்திலேயே களிமண் அடைத்து நின்றுவிடுகிறது. குழாயின் மறுமுனை வீட்டைத் தாண்டி வெட்டவெளியில் திறக்கவேண்டும். கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடாதீர்கள்.

சுவரின் உள்பக்கத்தில், ஓதக் கறை முடியும் இடத்துக்கு 300 மில்லிமீட்டர் மேலேவரை பழைய பூச்சை உரியுங்கள். பிறகு காத்திருங்கள். ஈரச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் கனம்தான் காயும். 220 மில்லிமீட்டர் சுவருக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும். பொறுமை இல்லாமல் சிமென்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறி, முழங்கால் உயரத்துக் கறை இடுப்புயரம் வந்துவிடும். உலர்ந்தபின் சிமென்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9 என்ற கலவை போதும். சுண்ணாம்பு கட்டட வேலைக்கான நீற்றிய சுண்ணாம்பாக இருக்கவேண்டும். விவசாயக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வயல் சுண்ணாம்பு இறுகவே இறுகாது. மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பிவிஏ பெயின்ட் வேண்டாம், சுவர் மூச்சுவிடாது. வெண்ணிற உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

ஏரியைப் பார்த்த முன்னறையில் தரையிலிருந்து சீலிங்வரை இரும்பு ஜன்னல். கீழ்ச்சட்டம் துருவேறி வீங்கி இரண்டு கண்ணாடி வெடித்துவிட்டது. மொத்தத்தையும் அலுமினியமாக மாற்ற விலை வாங்கியிருக்கிறேன். உங்கள் கருத்து?
– வாசகர், லெனேசியா

அந்த அறையின் அழகே அந்த ஜன்னல்தான். இரும்புச் சட்டத்தின் முகம் மெலிசு. அதே அளவுக்கு அலுமினியம் போட்டால் முகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தடிக்கும். பல கட்டங்கள் சேர்ந்த ஜன்னலில் ஏரிக்குக் குறுக்கே தடித்த கம்பிகள் நிற்கும். வீட்டுக்கு 60 வயது தாண்டியிருந்தால் பெர்மிட்டும் வேண்டும். துரு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது; 6 மில்லிமீட்டர் துருப்பாளத்துக்குள் போயிருக்கும் இரும்பு ஒரு மில்லிமீட்டரே இருக்கலாம். சுத்தியலின் கூர்முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே உலோகம் இருக்கிறது. பொத்தென்று இடிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே வடிவச் சட்டத்தைப் பற்றவைக்கலாம். அறைச்சுவரில் பற்றவைப்பதற்கு முன் பக்கத்துக் கட்டங்களின் கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள். தீப்பொறி பட்ட கண்ணாடியில் சிறு கருப்புக் குழிகள் விழும், போகவே போகாது.

கீழ்ச்சட்டம் மட்டும் முதலில் போவதற்குக் காரணம் புட்டி. பழைய புட்டி காய்ந்து கண்ணாடியிலிருந்து மயிரிழை விலகியதும், வழிந்து வரும் தண்ணீர் அந்த இடுக்கில் தங்குகிறது. அங்கே காற்றும் வெயிலும் படாது. துரு பருத்துக் கண்ணாடியை நெருக்குகிறது. கண்ணாடி மூலையிலிருந்து வெடிக்கிறது.

வேலை முறை இது. 1950, 60களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, உலர்ந்தபடி உப்புத்தாள் தேய்க்காதீர்கள். ரசாயனப் பெயின்ட் நீக்கி தடவி, மழுங்கிய உளியால் சுரண்டி, குப்பையை பிளாஸ்டிக் விரிப்பில் பிடியுங்கள். எஃப்எஃப்பி3 முகமூடி போடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. புட்டியை வெட்டும்போது கண்ணாடியைப் பிடித்திருக்கும் சிறு கம்பிக் கவ்விகள் வெளிப்படும், அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேயுங்கள். டர்பன்டைனால் துடைத்து, அன்றைக்கே துத்தநாக பாஸ்பேட் பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு இரவு விட்டால் ஏரிக்காற்றின் ஈரத்தில் மெல்லிய துரு மறுபடி படரும். அதன்மேல் அடித்த பிரைமர் பாளம் பாளமாக உரியும். காய்ந்தபின் குழிகளை இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பூச்சால் நிரப்பி, தேய்த்து, இரண்டாவது பிரைமர் கொடுங்கள்.

கண்ணாடியை இடத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் சிறியதாக வெட்டச் சொல்லுங்கள். தரைக்கு அருகிலுள்ள கட்டங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் விதிப்படி சரி. சட்டத்தில் 2 மில்லிமீட்டர் புட்டி மெத்தை போட்டு, கண்ணாடியை நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்துங்கள். கவ்விகளை மாட்டி வெளிப்புட்டியைச் சாய்வாக இழுங்கள். இரும்புச் சட்டத்துக்கான புட்டி வேறு, மரத்துக்கானது வேறு. மரப் புட்டியில் உள்ள எண்ணெயை மரம் உறிஞ்சவேண்டும். இரும்பு உறிஞ்சாது, அதனால் அது மாதக்கணக்கில் பசபசவென்று நிற்கும். புட்டி மேல்தோல் கட்ட ஒன்று, இரண்டு வாரம் விடுங்கள். பிறகு பெயின்ட் அடிக்கும்போது, கடைசிப் பூச்சு கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறவேண்டும். கோணல் இல்லாமல் இழுக்கவேண்டும் என்பதற்காகக் கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டி அந்த 2 மில்லிமீட்டரையும் விட்டுவிடுவார்கள். தண்ணீரைத் தடுப்பதே அந்த மெல்லிய ஓரம்தான். மறுபடி இடுக்கில் தண்ணீர் இறங்கும், பட்ட பாடு வீணாகும். பித்தளைக் கீலுக்கும் கொக்கிக்கும் பெயின்ட் வேண்டாம், எண்ணெய் போதும்.

படகுக்கொட்டகைக்கு "பிக் சிக்ஸ்" ஆஸ்பெஸ்டாஸ் தகடுக் கூரை. பாசி பிடித்திருக்கிறது. பிரஷர் வாஷரால் கழுவி பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

கூடவே கூடாது. அழுத்தத் தண்ணீர் சிமென்ட்டை அரித்து ஆஸ்பெஸ்டாஸ் நார்களை விடுவிக்கும். அது உங்கள் முற்றத்திலும் ஏரியிலும் பக்கத்து வீட்டிலும் படியும். துளையிடுவது, அறுப்பது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம். உடையாமல் உறுதியாக இருக்கும் தகட்டைத் தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு. விரிசலும் பொடியும் தெரிந்தால் அரசிடம் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிடவேண்டும். 2020-ஆம் ஆண்டின் விதிகள் அதை வலியுறுத்துகின்றன. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு 2008-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய எந்த நெளித் தகடானாலும், சீலிங் பலகையானாலும், கழிவுக் குழாயானாலும் சோதனை முடியும்வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய தகட்டைத் தோட்டத்தில் புதைப்பவர்களைப் பார்க்கிறோம். அந்த மண்ணை நாளைக்கு உங்கள் பேரன் கிளறுவான்.

ரொடீஷிய தேக்குச் சிறு கட்டைகள் பதித்த பார்க்கே தரை நடுவில் கூடாரம்போல எழும்பிவிட்டது. மாற்றவேண்டுமா?
– வாசகி, மெர்பேங்க்

மாற்றாதீர்கள், அந்தத் தரத்துக் கட்டைகளை இன்று வாங்குவது பெரும்பாடு. எழும்பியதற்குக் காரணம் ஈரம் அல்லது சுவரோர இடைவெளி அடைபட்டது. கட்டை ஈரத்தில் விரிகிறது, போக இடமில்லாமல் மேலே எழுகிறது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கட்டைகளை எடுத்தபின் தளத்தின்மேல் அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே நீர்த்துளி கோத்திருந்தால் தளத்தில் ஈரம் இருக்கிறது. அது நிற்கும்வரை எதையும் ஒட்டக்கூடாது.

எழும்பிய கட்டைகளை வரிசை மாறாமல் எண் எழுதி எடுங்கள். அடியில் கருப்புத் தார்ப் பசை இருக்கும். பழைய தார்ப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததுண்டு, அதனால் தேய்க்கும் முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். இல்லை என்று தெரிந்தபின் கட்டையை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தால் தார் கண்ணாடிபோல இறுகும், உளியால் தட்டினால் தெறித்துவிடும். சூடாக்கினால் இளகி மரத்துக்குள் ஊறும். தாரின் மிச்சத்தின் மேல் இன்றைய பாலியூரிதேன் பசை பிடிக்காது என்பதையும் கவனியுங்கள். திரும்பப் பதிக்கும்போது அறையைச் சுற்றிலும் சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைக் கீழ்ப்பலகையால் மூடுங்கள். கட்டைகளை அந்த அறைக்குள்ளேயே இரண்டு வாரம் பிரித்து அடுக்கி வைத்து, பிறகு ஒட்டுங்கள். தேய்க்கும்போது உப்புத்தாள் எண் 40, 80, 120 என்ற வரிசையில் மூன்று முறை போதும். ஒவ்வொரு தேய்ப்பும் மரத்தைத் தின்கிறது.

தண்ணீருக்குள் நிற்கும் மரத் துறைமேடை சாய்ந்துவிட்டது. கால்களை மாற்ற என்ன மரம்?
– வாசகர், ஸ்டாங்கர்

நன்னீரில் எப்போதும் நனைந்து நிற்கும் கம்புக்கு "எச்5" வகையில் பதப்படுத்திய மரம் வேண்டும். வேலிக் கம்பத்துக்குத் தரும் "எச்4" மண்ணுக்குப் போதும், ஏரிக்கு அல்ல. மேல்பலகைக்கு "எச்3" போதும். விற்பனை முத்திரையில் இந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். கம்பை நீளத்துக்கு அறுத்தால் உள்ளே பதப்படுத்தாத மரம் திறக்கும். அறுத்த முனை கீழே தண்ணீருக்குள் போகாமல் மேலே வரும்படி வையுங்கள். போல்ட் சூடான துத்தநாகத்தில் தோய்த்ததாக இருக்கட்டும். மெல்லிய முலாம் பூசிய போல்ட்டை மரத்தில் உள்ள தாமிர உப்பு தின்றுவிடும். பலகைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் விடுங்கள். இந்த மரத்தில் ஆர்சனிக் இருக்கிறது. மிச்சத் துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் போடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு. நல்ல எண்ணத்தோடு துண்டைக் கொடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் அனுமதி கேளுங்கள். ஏரியின் படுகையும் கரையும் 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்துக்கு உட்பட்டவை. அணையைச் சுற்றியுள்ள கரைப்பட்டி அரசுக்குச் சொந்தமாக இருப்பதும் சகஜம். நீர்நிலையிலிருந்து 32 மீட்டருக்குள் 100 சதுர மீட்டருக்கு மேல் புதிதாகக் கட்டினாலும், நீர்நிலையில் 10 கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளினாலோ கொட்டினாலோ, சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும். பழைய துறைமேடையை அதே அளவில் பழுதுபார்ப்பது சுலபம், நீட்டுவது சிக்கல்.

சுவரை ஒட்டி ஒரு பெரிய சிரிங்கா மரம். வெட்டலாமா? சுவரில் விரிசலும் இருக்கிறது.
– வாசகி, பிரிட்ஸ்

சிரிங்கா என்பது நம் ஊர் மலைவேம்பு. இந்த நாட்டில் அது அயல் ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் உள்ளது, அகற்றுவது நல்லதே. ஆனால் உங்கள் பகுதி கரிசல் களிமண். பெரிய மரம் பல வருடம் உறிஞ்சிய ஈரம் வெட்டியபின் மண்ணுக்குத் திரும்பும். களிமண் பருத்து அஸ்திவாரத்தைத் தூக்கும். ஒரே நாளில் வீழ்த்தாமல் இரண்டு வறண்ட பருவங்களில் கிளைகளைக் குறைத்து, பிறகு வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவுங்கள். விரிசலின் இரு பக்கமும் சிறு ஆணி அடித்து, இடைவெளியை மாதாமாதம் காலிப்பரால் அளந்து எழுதிவாருங்கள். ஒரு முழு வருடத்தில் மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப மாறிமாறி விரிந்து மூடினால் மண்ணின் ஆட்டம். ஒரே திசையில் பெருகிக்கொண்டே போனாலோ 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். அளந்து பார்க்காமல் பூசி மறைத்த விரிசல் அடுத்த கோடையிலேயே மறுபடி திறக்கும்.

கழிவுத் தொட்டியும் பழைய வயரிங்கும்: எதைச் செய்யாமல் குடிபோகக்கூடாது?
– வாசகர், ஃபீனிக்ஸ்

இரண்டையும். வயரிங்குக்குப் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனின் இணக்கச் சான்றிதழ் வேண்டும். வீடு கைமாறும்போது அது இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். சான்றிதழ் இருந்தாலும் சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள். ரப்பர் உறை போட்ட பழைய வயர் தொட்டாலே பொடியும். அதை மொத்தமாக மாற்றவேண்டும். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். புது வயரைச் செங்கல் சுவரை வெட்டிப் பதிக்காமல், முடிந்தவரை பழைய இரும்புக் குழாய்களுக்குள்ளேயே இழுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் முடியும்.

தொட்டியை முதலில் ஹனி சக்கர் என்ற கழிவு உறிஞ்சும் வண்டியைக் கூப்பிட்டுக் காலிசெய்து, மூடியைத் திறந்து மேலிருந்தே உள்சுவரில் விரிசல் பாருங்கள். காலியான தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது. அங்குள்ள வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். தொட்டியைத் தாண்டிய உறிஞ்சு வாய்க்கால் ஏரிப் பக்கம் சரிந்திருந்து, அந்த இடத்தில் மட்டும் புல் கொழுத்து வளர்ந்திருந்தால், கழிவு ஏரிக்குள் போகிறது. நிலத்தடி நீர் உயர்ந்த மனையில் அந்த வாய்க்காலைப் புதுப்பித்துப் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு எந்தப் பக்கமும் கசியாத மூடிய தொட்டி போட்டு, நிறையும்போது வண்டி வரவழைப்பதே ஒரே வழி. அளவை முனிசிபாலிட்டியிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். வண்டியின் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கவேண்டும் என்பதைப் பிளான் வரையும்போதே சொல்லிவிடுங்கள்.